திரும்பும் வேளை: பூம்பாறை மலைநடையில் திட்டமும் பக்தியும்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில் சுமார் 18 கிலோமீட்டரில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் பூம்பாறை இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். அவற்றில் விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். மூலவரைச் சித்தர் போகர் பாடாணங்களைக் கட்டி உருவாக்கினார் என்பதும், பழனி தண்டாயுதபாணியையும் அதே கையே செய்தது என்பதும் இம்மலையில் தலைமுறைகளாக நிலைத்த நம்பிக்கை. வயல்வரப்பு முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. மேற்கே போகப் போகக் காடு விலகி, மன்னவனூர்ப் பக்கம் புல்வெளிகள் விரிகின்றன. காலையில் புறப்பட்டுக் காட்டையும் புல்மேட்டையும் கடந்து இருட்டுமுன் ஊர் சேர்வது, பழகிய கால்களுக்கே கடினமான ஒரு பகல் நடை.

இப்படி ஒரு நடைக்குத் திட்டமிடுகிறவர் முன் இரண்டு வகைக் கேள்விகள் எழுகின்றன. தூரம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, எந்த மாதம், யாருடைய அனுமதி என்பவை ஒரு வகை. தெய்வத்தின் இருப்பிடம் என்று போற்றப்படும் மலைக்குள் மனிதர் எந்த உரிமையில் நுழைகிறார், நாழிகை பார்த்து வழியைக் கணக்கிடுவது நம்பிக்கைக் குறைவா, பாதியில் திரும்புவது தோல்வியா என்பவை இன்னொரு வகை. முதல் வகையைச் சுற்றுலாக் கையேட்டுக்கும் இரண்டாவதைச் சமயச் சொற்பொழிவுக்கும் பிரித்துக் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. தமிழ் மரபு அப்படிப் பிரிக்கவில்லை. இந்த மரபில் வழியைக் கணக்கிடுவதும் வணக்கத்தின் ஒரு பகுதிதான்.

மலை யாருடையது என்பதிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்தைச் சேயோனுக்கு உரியதாக்குகிறது. அந்தச் சேயோனே முருகன் என்று பின்வந்தவர்கள் கொண்டார்கள். பழனி மலைத்தொடரில் அந்த உரிமை இன்றும் கண்கூடு: அடிவாரத்தில் பழனி, மேலே பூம்பாறை, கொடைக்கானலில் 1936இல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயில். இடும்பன் இரண்டு குன்றுகளைக் காவடியாகத் தூக்கிவந்த கதையும் இந்த அடிவாரத்துக்கே உரியது. ஆனால் மலை தெய்வத்துக்கு உரியது என்று சொல்வதால் மனிதர் செய்ய வேண்டியது என்ன என்பது தானாகத் தெளிந்துவிடாது. ஏறி வணங்குவதா, ஏறாமல் வணங்குவதா?

இரண்டுக்கும் முன்னோர் உண்டு. காரைக்கால் அம்மையார் கயிலையில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றார் என்கிறது பெரியபுராணம். கயிலை மலையின் உச்சியில் இன்றுவரை எவரும் ஏறியதில்லை. பக்தர்கள் அதைச் சுற்றித்தான் வருகிறார்கள். 1955இல் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சியின் கடைசிச் சில அடிகளை மிதிக்காமல் திரும்பினர். மறுபக்கம் வெள்ளியங்கிரியும் சதுரகிரியும் பர்வதமலையும் ஏறி வணங்குவதற்கே உரியவை. ஏறும் களைப்பே அங்கே காணிக்கை.

பழனி மலையில் இந்த இரண்டு மனநிலைகளும் ஒரே ஊரில் சந்திக்கும் இடம் வெள்ளகவி. வட்டக்கானலிலிருந்தோ கீழே கும்பக்கரைப் பக்கமிருந்தோ நடந்தே போய்ச் சேர வேண்டிய பழைய ஊர் அது. ஊர் எல்லைக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் எல்லையில் கழற்றிவிட வேண்டும். நடக்கலாம், ஆனால் யாருடைய இடத்தில் நடக்கிறோம் என்ற நினைவோடு நடக்க வேண்டும் என்பதை அந்த ஊர் ஒரு வழக்கத்தாலேயே சொல்லிவிடுகிறது. தடை, அனுமதி என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே இப்படி ஒரு நிலை இருப்பதுதான் மலைநடைக்குத் திட்டமிடுகிறவருக்கு மிகவும் பயன்படும் செய்தி. பூம்பாறைக்கு மேலே உள்ள காட்டில் செருப்பைக் கழற்றச் சொல்ல யாரும் நிற்க மாட்டார்கள். அந்தக் கவனத்தை நடப்பவர் தாமே கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது நம்பிக்கையும் கணக்கும். முருகன் பார்த்துக்கொள்வான் என்று கிளம்புகிறவர் இருக்கிறார். எல்லாம் கணக்கில் அடங்கும் என்று கிளம்புகிறவரும் இருக்கிறார். திருக்குறளின் அமைப்பே இந்த வழக்குக்கு ஒரு விடையைத் தருகிறது. அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். அதைத் தாண்டிப் பொருட்பாலுக்குள் நுழைந்தால் 47 முதல் 50 வரை தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. ஊழின் வலிமையைக் கூசாமல் ஒப்புக்கொண்ட அதே நூல்தான், செயலில் இறங்கும் முன் வலிமை, காலம், இடம் என்ற மூன்றையும் எடைபோடச் சொல்கிறது. வள்ளுவர் மன்னனை மனத்தில் வைத்து இவற்றைச் சொன்னார் என்றாலும், மலையடிவாரத்தில் நிற்கும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகளும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. வலியறிதலில், கிளையின் நுனிவரை ஏறிவிட்டவர் அதற்கும் மேலே ஏற முனைந்தால் உயிருக்கு இறுதி என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. மலையேறிகள் அந்த ஒரு கருத்தை மட்டுமாவது மனத்தில் ஏற்ற வேண்டும்.

கீதையின் 18ஆம் அத்தியாயம் இதையே வேறு கோணத்தில் வகுக்கிறது. ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும்: நிலைக்களம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். முதல் நான்கையும் மனிதர் ஆராயலாம், திருத்தலாம். ஐந்தாவதற்கு இடம் விடத்தான் முடியும். இந்த வகுப்பை ஒரு மலைநடைத் திட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தால், அதில் ஒதுக்கப்படும் மிச்ச நேரம்தான் அந்த ஐந்தாவதற்கான இடம் என்று தெரியும். மூடுபனி இறங்கலாம், காட்டுமாடு பாதையில் நிற்கலாம், உடன்வருபவரின் முழங்கால் பிசகலாம். இவற்றில் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒன்று நடக்கும் என்று மட்டும் தெரியும். நிமிடம் நிமிடமாக நிரப்பப்பட்ட திட்டம் தெய்வத்துக்கு இடம் வைக்கவில்லை. திட்டமே இல்லாத பயணமோ நான்கு பேர் செய்ய வேண்டியதை ஐந்தாமவர் தலையில் சுமத்துகிறது. இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு வடிவங்கள்.

மலைவழிக்கு முன்னேற்பாடு சொல்லும் பழைய தமிழ் நூல் ஒன்றும் இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசியாக உள்ள மலைபடுகடாம், நன்னன் என்னும் மன்னனிடம் பரிசு பெற்று வரும் கூத்தன் எதிரே வரும் கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் பரிசைவிட வழியே அதிக இடம் பிடிக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு மறைந்திருக்கும் குழிகள் எங்கே, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் எங்கே வந்து விழும், பாசி படிந்து வழுக்கும் இடத்தை எதைப் பிடித்துக்கொண்டு கடப்பது, இரவில் எங்கே தங்குவது என்று போய்வந்தவன் போகப்போகிறவனுக்கு எடுத்துச் சொல்கிறான். நவிர மலையில் உறையும் இறைவனைப் பற்றிய பேச்சும் அதே மூச்சில் வருகிறது. வழுக்குப் பாறைக்கும் கடவுளுக்கும் தனித்தனி நூல் தேவை என்று அந்தப் புலவருக்குத் தோன்றவில்லை. வழி தெரிந்தவர் சொல்லைக் கேட்டு நடப்பது அங்கே தற்காப்பாகவும் இருக்கிறது, பணிவாகவும் இருக்கிறது. பூம்பாறையில் அந்தக் கூத்தனின் இடத்தில் இன்று இருப்பவர்கள், காட்டை அறிந்த பளியர்களும் மேல்மலை விவசாயிகளும் வனத்துறைக் காவலர்களும். கைப்பேசி வரைபடம் ஒற்றையடிப் பாதையைக் காட்டலாம். நேற்று பெய்த மழையில் அந்தப் பாதை என்ன ஆனது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

வலி, காலம், இடம் என்ற மூன்றையும் பூம்பாறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். உடல் வலிமைக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் வகுத்த அந்தக் கணக்கின்படி, சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். மொத்தம் 16 கிலோமீட்டர் நடையில் 800 மீட்டர் ஏற்றம் இருந்தால் நாலரை மணி நேரம் ஆகும். இது நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கு. வேர்கள் பின்னிய சோலைப் பாதை, ஈரம், சாப்பாடு, மூச்சு வாங்கும் இடைவேளை எல்லாம் சேர்ந்தால் பாதியளவு கூட்டி ஏழு மணி நேரம் என்று வைப்பதே நியாயம். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை வைத்துத்தான் இதைக் கணக்கிட வேண்டும். வேகமானவரை வைத்துப் போட்ட கணக்கு அவர் ஒருவருக்கே பொருந்தும்.

காலம் இன்னும் கண்டிப்பானது. இந்த அட்சரேகையில் கோடைக்கும் குளிருக்கும் பகலின் நீளம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் மாறுகிறது. ஆண்டில் எந்த மாதமானாலும் மாலை ஏறத்தாழ ஆறிலிருந்து ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். சோலைக்குள் அதற்கு முன்பே இருட்டு. பழனி மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் மழை கனமாக இருக்கும், சோலைப் பாதைகளில் அட்டைகள் காலைப் பற்றும். ஜனவரியில் வானம் தெளிவு, ஆனால் விடியலில் புல்லில் உறைபனி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து தீக்குத் தயாராக நிற்கும். சமண, பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்கியதற்கு ஒரு காரணம், அப்போது முளைத்து ஊரும் உயிர்கள் காலடியில் நசுங்கும் என்பது. நடக்கக் கூடாத காலம் என்று ஒன்று உண்டு என்பதை நடப்பவரின் வசதியைக் கொண்டு அவர்கள் தீர்மானிக்கவில்லை. மலையேற்றப் பருவம் என்று இன்று சொல்வதற்குள் இந்த அறமும் சேர வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழனி மலையின் மேல்தளத்தில் மரக்காடும் புல்வெளியும் கலந்தே இருந்தன. மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சோலை, சரிவுகளிலும் மேடுகளிலும் புல். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களுக்கே உரிய இந்த அமைப்பு பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. புல்லை வெற்று நிலம் என்று எண்ணிய ஆங்கிலேய ஆட்சியாளர்கள் அதில் சீகை, தைலமரம், பைன் என்று அயல் மரங்களை நட்டனர். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகிதக் கூழுக்காகவும் அது இன்னும் பரவியது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் வெளியானது. பைன் மர நிழலில் நின்று படமெடுத்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரு புல்வெளியின் கல்லறைமேல் நிற்கிறார். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் வீடும் அந்தப் புல்தான். 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். முருகனுக்கு உரிய பூ என்று பாடிப் போற்றிவிட்டு அது முளைக்கும் நிலத்தை வெற்றிடமாகக் கருதுவது பக்தியில் விழுந்த ஓட்டை. மிச்சமிருக்கும் மேட்டில் நடப்பவர் ஏற்கெனவே உள்ள தடத்தைவிட்டு விலகாமல் இருப்பதும், ஒருவர் பின் ஒருவராகப் போவதும், தீ மூட்டாமல் இருப்பதும் அந்த நிலத்துக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

இந்த வகை யோசனைக்கும் தமிழில் முன்னோடி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்குப் புறப்படும் கவுந்தி அடிகள் போகும் வழிகளை ஆராய்கிறார். சோலை வழியாகப் போனால், கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும், கால் தவறும். வயல் வழியாகப் போனால், காலடியில் நத்தையும் நண்டும் நசுங்கும், அந்தத் துன்பம் பொறுக்க முடியாதது. முதல் வழியின் ஆபத்து நடப்பவருக்கு, இரண்டாவதன் ஆபத்து பிற உயிருக்கு. சமணத் துறவியான கவுந்தி இரண்டையும் ஒரே தராசில் வைத்தே வழியைப் பற்றிப் பேசுகிறார். இன்று மலைவழி பற்றி எழுதப்படும் குறிப்புகளில் பாம்பு, வழுக்கல், தண்ணீர் எல்லாம் இருக்கும்; நண்டு இருக்காது. பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் நடப்பவரின் உயிர் மட்டுமே அடங்கும் என்று கொள்ளும்போது, கவுந்தி எழுப்பிய கேள்வியின் பாதி விடுபட்டுப் போகிறது.

அனுமதியும் இந்த இடத்தில்தான் வருகிறது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வண்டியில் வரவே இ-பாஸ் வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு 40 வழித்தடங்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மலையேற்றத்துக்குத் திறந்தது. கடவுள் வாழும் மலைக்குப் போக அரசாங்கத்திடம் சீட்டு வாங்குவதா என்று சிலர் கசப்போடு கேட்கிறார்கள். அந்தக் கசப்பில் நியாயம் குறைவு. பழைய மலைக்கோயில்களிலும் எல்லா நாளும் எல்லாருக்கும் வழி திறந்திருந்ததில்லை. விரதம், குறித்த நாள், ஊராரின் சம்மதம் என்று வாசலில் ஏதோ ஒன்று எப்போதும் இருந்தது. மலையில் நுழையுமுன் ஒரு வார்த்தை கேட்பது என்ற அந்தப் பழக்கம் இன்று வேறொரு மேசைக்கு மாறியிருக்கிறது.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் எஞ்சுவது மிகக் கடினமான கேள்வி: எப்போது திரும்புவது? காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கியவர்கள் நண்பகல் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டால், ஏற ஐந்து மணி நேரம் ஆகியிருந்தாலும் மாலை ஐந்துக்கு ஊர் சேரலாம். இருட்டுக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கு எளிது. அதை 12 மணிக்கு, உச்சி கண்ணெதிரே தெரியும்போது, நிறைவேற்றுவது எளிதல்ல. அந்தக் கணத்தில் ஆசை பக்தியின் குரலில் பேசும். இவ்வளவு தூரம் அழைத்துவந்தவன் இன்னும் கொஞ்சம் அழைத்துப்போக மாட்டானா என்று கேட்கும்.

திரும்ப மறுத்தவர்களில் தமிழுக்கு நெருக்கமானவர் அப்பர். முதிய வயதில் கயிலையை நோக்கி நடந்தார். கால் தேய்ந்தபின் தவழ்ந்தார், கை தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார், பிறகு புரண்டார். எதிரே முனிவராக வந்த சிவன் திரும்பிப் போகச் சொன்னபோது, காணாமல் மீளேன் என்று மறுத்தார் என்கிறது பெரியபுராணம். இந்தக் கதையை மலையில் பிடிவாதத்துக்குச் சான்றாகக் காட்டுவது உண்டு. அப்படிக் காட்டுகிறவர்கள் இரண்டு செய்திகளைத் தவறவிடுகிறார்கள். அப்பர் தனியே போனார். உடன்வந்த அடியார்களை விட்டுவிட்டு, தம் உடலை மட்டுமே பணயம் வைத்தார். இன்னொருவர் உயிரை அந்த உறுதியில் அவர் சேர்க்கவில்லை. இரண்டாவது, கதையின் முடிவில் அவர் கயிலைக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் இருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழச் சொல்லப்பட்டார், எழுந்தார், காவிரிக் கரையிலேயே கயிலைக் காட்சியைப் பெற்றார். ஆடி அமாவாசை தோறும் திருவையாறு கொண்டாடுவது அந்தக் காட்சியைத்தான். மலை உச்சிக்குத்தான் இறைவன் கட்டுப்பட்டவன் என்ற எண்ணத்தை, அடியார்களில் மிக உறுதியானவருக்கே அவன் உடைத்துக் காட்டியிருக்கிறான்.

குழுவாகப் போகிறவர்களுக்கு அப்பரின் மறுப்பு முன்மாதிரியாகாது என்பதற்குப் பக்கத்து மலையிலேயே துயரமான சான்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கி மனிதரின் ஓட்டத்தைவிட வேகமாக ஏறும். அது மார்ச் மாதப் புல்லின் இயல்பு. அதற்குப் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் இறுகின. இறந்தவர்களைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அதை விதி என்ற ஒரு சொல்லால் மூடிவிடும் உரிமையும் யாருக்கும் இல்லை. ஊழை ஒப்புக்கொண்ட வள்ளுவர் ஆள்வினையுடைமையில் சோர்வில்லாத முயற்சி ஊழையும் புறங்காணும் என்கிறார். மலையில் அந்த முயற்சி பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே, தீக்கால எச்சரிக்கையைப் படித்துப் பயணத்தைத் தள்ளிவைப்பதில் இருக்கிறது.

ஆகவே திரும்பும் நேரத்தை உச்சியில் நின்று தீர்மானிக்கக் கூடாது. முந்தின நாள் மாலை பூம்பாறையில் உட்கார்ந்து, எல்லாரும் கேட்கும்படி பேசி முடிக்க வேண்டும். நேரத்தோடு, கண்டதும் திரும்ப வேண்டிய நிலைகளையும் சேர்த்தே முடிவு செய்துகொள்வது நல்லது: இருபது அடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி, இடி, புகை வாடை, பாதையில் காட்டுமாட்டுக் கூட்டம். போகும் வழி, திரும்பும் நேரம், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் இந்தச் சீட்டையும் கொடுத்துவிட்டே கிளம்பலாம். இரண்டும் ஒரே காலையின் வேலைகள். திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் வழிகாட்டிக்கு மட்டும் இருந்தால் போதாது. களைப்பை முதலில் உணர்பவர் கடைசியில் வருபவர். வெட்கத்தால் அதைச் சொல்லாமல் விடுபவரும் அவரே. குழுவில் மிக மெதுவாக நடப்பவர் போதும் என்றால் மற்றவர்கள் காரணம் கேட்காமல் திரும்புவது என்பதைக் கிளம்புமுன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.